பஸ் ஏறாத பணம்: சின்ன ஊரில் கோ-ஒர்க்கிங் இடம் தொடங்க நினைப்பவர்களுக்கு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கமிருந்து, "அக்கா, எங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்" என்று என்னைப் பார்க்க வருகிறவர்கள், நாற்காலி எங்கே வாங்கினீர்கள், சுவருக்கு என்ன பெயிண்ட் என்றெல்லாம் கேட்பார்கள். கணக்கைக் கேட்பது செருப்பு மாட்டும்போதுதான்.

என் கோ-ஒர்க்கிங் இடம், அதாவது தனித்தனியாக வேலை செய்கிறவர்கள் மாதக் காசு கட்டி லேப்டாப்போடு வந்து உட்காருகிற பொது அறை, கடலூர் திருப்பாப்புலியூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், முதல் மாடியில் இருக்கிறது. 1,100 சதுர அடி, 18 சீட். மாதச் செலவு இப்படி: வாடகை 22,000, கரண்ட் 9,000, இரண்டு இன்டர்நெட் லைன் 2,500, பெருக்கித் துடைத்து பாத்ரூம் கழுவுகிற அம்மாவுக்கு 5,000, கவுண்டரில் உட்காருகிற பெண்ணுக்கு 14,000, தண்ணீர் கேனும் டீயும் 2,500, ரிப்பேருக்கு என்று எடுத்து வைப்பது 2,000. மொத்தம் 57,000. ஒரு சீட்டுக்கு மாதம் 3,000 வாங்குகிறேன். செலவைக் கட்ட 19 சீட் நிரம்ப வேண்டும். இருப்பதோ 18.

ஆக, நாற்காலியை வாடகைக்கு விடுகிற தொழில் என்று நினைத்து இறங்கினால், ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினாலும் மாதம் 3,000 ரூபாய் கையை விட்டுப் போகும். என் சம்பளத்தை இதில் சேர்க்கவே இல்லை. சீட் வாடகையைக் கூட்டினால் நம் ஊரில் கட்டுப்படியாகாது. கூட்டுவதற்குப் பதிலாக, அந்த அறைக்குள் வேறு என்னென்ன நடக்க வைக்கலாம் என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் ப்ரௌசிங் சென்டர்க்காரி. 2003இல் ஆறு கேபினோடு ஆரம்பித்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் காலையில் தேவனாம்பட்டினம் போய்விட்டு, மதியத்திலிருந்து இரவு வரை என் கேபினில் உட்கார்ந்து அறிக்கை அடிப்பார்கள். ஒருவருக்கு லாரி வேண்டும், பக்கத்துக் கேபின்காரருக்கு லாரிக்காரரைத் தெரியும். நடுவிலிருந்த நான்தான் இவரை அவரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். அதற்குப் பெயர் இருப்பதெல்லாம் அப்போது தெரியாது. அடுத்த வருஷம், 2005இல், சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்பவர் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்து, தனித்தனியாக வேலை செய்கிறவர்கள் சேர்ந்து உட்காரலாம் என்று கூப்பிட்டார். கோ-ஒர்க்கிங் கதையை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். முதல் மாதம் அவருக்கு ஒருவர்கூட வரவில்லையாம். எனக்கு முதல் மாதம் ஒருவர் வந்தார். அந்த வகையில் கடலூர் தேவலாம்.

அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது, ப்ரௌசிங் படுத்தது. டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ் என்று ஓட்டினேன். 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள், "அக்கா, ஒரு டேபிள், ஒரு பிளக் பாயிண்ட், கட் ஆகாத நெட், அது போதும்" என்று கேட்டார்கள். கேபின் பலகைகளைக் கழற்றிய நாளில் ஆரம்பித்ததுதான் இது.

இடம் பார்ப்பதற்கு முன்னால் ஆள் எண்ணுங்கள்

எல்லாரும் முதலில் கட்டடம் பார்க்கப் போகிறார்கள். அது தப்பு. ஒரு மாதம் ஆள் எண்ணுங்கள். நான் மூன்று இடத்தில் எண்ணினேன்.

ஒன்று, காலை ஆறரையிலிருந்து எட்டு வரை பஸ் ஸ்டாண்ட். புதுச்சேரி வண்டியில் லேப்டாப் பையோடு ஏறுகிறவர்களை இரண்டு வாரம் பார்த்தேன். முகம் பழகியதும் சிலரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆபீஸ் புதுச்சேரியில் இருப்பவர் நமக்கு வாடிக்கையாளர் இல்லை. வீட்டில் வேலை ஓடவில்லை என்று அங்கே போய்க் காசு கொடுத்து உட்காருகிறவர்தான் நம் ஆள்.

இரண்டு, பைபர் லைன் போடுகிற தம்பி. ஊரில் யார் வீட்டில் பகலில் நெட் போனால் உடனே போன் வருகிறது என்று அவனுக்குத் தெரியும். மாலையில் போன் செய்கிறவர்கள் சீரியல் பார்க்கிறவர்கள். காலை பதினொன்றுக்குக் கத்துகிறவர்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள். யார் வீடு என்று கேட்காதீர்கள், சொல்லவும் கூடாது. எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லுவான்.

மூன்று, நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நடுவே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, போன் வந்தால் வெளியே ஓடி மரத்தடியில் பேசிவிட்டு வருகிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களை எண்ணுங்கள்.

மூன்றிலும் சேர்த்து எனக்கு 41 பேர் கிடைத்தார்கள். அதில் 500 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கச் சம்மதித்தவர்கள் 9. அந்த ஒன்பதுதான் நிஜம், 41 வெறும் பேச்சு. ஒன்பது பேரிடமாவது 500 வாங்க முடியாத ஊரில் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டடம்

கடலூரில் தரைத்தளம் வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரைதான் போனது. 2015இல் தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அதன் பின்னால் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. கடையைக் கீழே வைத்திருந்த பக்கத்து மொபைல் கடைக்காரர் ஸ்டாக்கை என் மாடியில்தான் கொண்டு வந்து அடுக்கினார். கீழே வாடகை குறைவாகச் சொன்னால், ஏன் குறைவு என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டுவார்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஈபி கனெக்ஷன் என்ன டேரிஃப், அதாவது வீட்டுக் கட்டணமா கடைக் கட்டணமா என்பது. வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் பிடிபடும் அன்றைக்கு அபராதத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டிவரும். வணிக இணைப்புக்கு மாற்றிக் கொடுத்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தை வாய்ச்சொல்லில் விடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனது. தொழில் உரிமம், தொழில் வரி எல்லாம் அங்கேதான்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அழகான இடம் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். உப்புக் காற்றில் பிளக் பாயிண்ட் பச்சை பூத்துவிடும்.

கரண்டும் நெட்டும்

மக்கள் நமக்குக் காசு கொடுப்பது இந்த இரண்டுக்குத்தான், மற்றதெல்லாம் அலங்காரம். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு லேப்டாப் வேலை செய்யும்போது சராசரியாக 45 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது 13 சீட் நிரம்பியிருக்கிறது, அதற்கு 585. பழைய ஃபேன் ஒன்று 70 வாட்டுக்கு மேல் தின்னும். நான் ஆறையும் கரண்ட் குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ஃபேனாக மாற்றிவிட்டேன், ஒன்று 30 வீதம் 180. எல்இடி லைட் எட்டுக்கு 80. நெட் பெட்டிகளுக்கு 30. மொத்தம் 875 வாட். ஏசி மீட்டிங் ரூமில் மட்டும்தான், அது இன்வெர்ட்டரில் கிடையாது.

150 ஏஹெச் பேட்டரி இரண்டு வைத்தால் ஏட்டில் 3,600 வாட்-ஹவர். கையில் கிடைப்பதை அதில் அறுபது சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 2,200. இரண்டரை மணி நேரம் ஓடும். சாதாரண கரண்ட் கட்டுக்கு இது தாராளம். ஆனால் பேப்பரில் "நாளை மின் நிறுத்தம்" என்று வருமே, துணை மின்நிலையப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரையோ அதற்கு மேலோ? அன்றைக்குப் பதினொன்றரைக்கு என் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. ஒரு பையன் வெளிநாட்டு மேனேஜரோடு வீடியோ காலில் இருந்தான். முகம் அப்படியே உறைந்து நின்றது, வாய் பாதி திறந்தபடி. மறுநாள் அவன் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. அந்தப் பராமரிப்பு நாளால் போனது மாதம் 3,000. பேட்டரியை நான்காக்கினேன். இப்போது ஐந்து மணி நேரம் தாங்குகிறது. அதற்கு மேல் போனால் கீழ்க்கடை ஜெனரேட்டரிலிருந்து ஒரு லைன் எடுத்துக்கொள்ளப் பேசி வைத்திருக்கிறேன், டீசல் செலவில் பாதி என்னுடையது.

நெட் இரண்டு லைன் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டும் எந்தப் பக்கமாக வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு முதலில் இருந்த இரண்டு கம்பெனி லைனும் ஒரே கம்பத்தில் வந்து, ஒரே பள்ளத்தில் இறங்கியது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய ஜேசிபி ஒரே வாளியில் இரண்டையும் அள்ளிவிட்டது. இப்போது ஒன்று தெருப்பக்கம், ஒன்று பின்சந்து வழியாகக் கம்பத்துக்குக் கம்பம். இரண்டும் டூயல்-வேன் ரூட்டர் ஒன்றில் வந்து சேர்கிறது, ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒரு லைனைப் பிடுங்கிப் பாருங்கள். நிஜமாகவே மாறுகிறதா என்று தெரியும்.

ப்ரௌசிங் சென்டர் காலத்துப் பழக்கம் ஒன்றை நான் விடவில்லை. 2011 சைபர் கஃபே விதிகளில் கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது, வருகிறவரின் அடையாளச் சான்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று இருந்தது. டே பாஸில், அதாவது ஒரு நாளைக்கு மட்டும் காசு கட்டி, வருகிற புது ஆளுக்கு இப்போதும் ஆதார் அல்லது லைசென்ஸ் பார்க்காமல் வைஃபை பாஸ்வேர்டு தருவதில்லை. நம் லைனில் யாரோ எதையோ செய்துவிட்டுப் போனால், போலீஸ் வந்து கேட்பது நம்மைத்தான். தடுப்பும் அதே நாலரை அடிதான். உட்கார்ந்தால் மறைப்பு, நின்றால் முகம் தெரியும். யோசித்துப் பார்த்தால் கோ-ஒர்க்கிங்குக்கு இதைவிடச் சரியான உயரம் கிடையாது.

மாமியார் பரிசோதனை

என் 13 பேரில் 6 பேர் பெண்கள். சின்ன ஊரில் இன்ஜினீயரிங் முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலை தேடுகிற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் உங்களுக்கே தலை சுற்றும். சென்னைக்குப் போக முடியாது, வீட்டில் உட்கார்ந்தால் வேலை ஓடாது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒன்பது மாதம் ஊகித்துக்கொண்டிருந்தேன். வண்டிப்பாளையத்திலிருந்து ஒரு பெண் மெடிக்கல் கோடிங் (ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் குறியீடாக மாற்றுகிற) வேலைக்காக இடம் கேட்டாள். மறுநாள் அவள் வரவில்லை, அவள் மாமியார் வந்தார்.

கவுண்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஆம்பளைப் பசங்களும் இங்கதான் உக்காருவாங்களா?"

"ஆமாம்மா. அந்தப் பக்கம் அவங்க, ஜன்னல் பக்கம் பொண்ணுங்க. நடுவுல நான்."

"ராத்திரி எத்தினி மணி வரைக்கும்?"

"பொண்ணுங்களுக்குக் கணக்கு இல்லம்மா, எப்ப வேணா போகலாம். ஆனா எட்டு மணிக்கு நான் பூட்டிடுவேன்."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். யார் வருகிறார்கள், யார் சிரிக்கிறார்கள், யார் போனில் சத்தம் போடுகிறார்கள், எல்லாவற்றையும் பார்த்தார். கிளம்புவதற்கு முன்னால் பாத்ரூம் போய்விட்டு வந்து சொன்னார்: "தாப்பா சரியா விழல. மேல ஒண்ணு அடிங்க. வெளிய லைட் சுவிட்சும் வெச்சிருக்கீங்க, எவனாச்சும் தெரியாம அணைச்சிடுவான். அதையும் உள்ள மாத்துங்க. நாளைக்கு அனுப்புறேன்."

ஒன்பது மாதமாக என் கண்ணில் படாத தாழ்ப்பாள் அது. நானே ஒரு பெண், எனக்கே படவில்லை. ஆகவே திறப்பதற்கு முன்னால் உங்கள் தெருவில் இருக்கிற மாமியார் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். அவர் சொல்கிறதை எழுதிக்கொள்ளுங்கள். படிக்கட்டில் விளக்கு, கவுண்டரில் ஒரு பெண், பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற வழியில் டாஸ்மாக் இல்லாத பாதை, இவையெல்லாம் ஆறு சீட்டுக்குச் சமம். என் கணக்கில் மாதம் 18,000.

நீள நோட்டு

இனிமேல் சொல்வதுதான் 19-18 கணக்குக்கு விடை.

கவுண்டரில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். நான்கு கட்டம். என்ன வேலை, யாருக்கு வேண்டும், யார் செய்தார், இதற்கு முன் அந்தப் பணம் எந்த ஊருக்குப் போனது. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் சென்னை, புதுச்சேரி, சிவகாசி என்று இருக்கும். இப்போது அப்படி வெளியூர் போகாமல் இங்கேயே நிற்கிற பணத்துக்கு எங்கள் இடத்தில் பெயர் "பஸ் ஏறாத பணம்".

முதல் வரி எழுதிய கதை இது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் பிரிண்ட் எடுக்க வந்தார். கையில் கால் கிலோ பாக்கெட் ஒன்று. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். லேபிளை டிசைன் செய்து கொடுத்தது சென்னை ஏஜென்சி. புது சைஸுக்கு ஒரே ஒரு எண்ணை மாற்ற மூன்று வாரமாக அலைக்கழிப்பு. ஏழாம் சீட்டில் டிசைன் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

"பாப்பா, இந்த 320-ஐ 240-ன்னு மாத்தணும், அவ்ளோதான்."

"320-ன்னா என்னங்கய்யா?"

அவர் முகம் மாறிவிட்டது. அது என்ன என்று சென்னையில் யாருமே கேட்டதில்லையாம். ஒரு பவுண்டில் எத்தனை முழுப் பருப்பு நிற்கிறதோ அதுதான் எண், 320 என்றால் முன்னூறிலிருந்து முன்னூற்று இருபது வரை, எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் பெரிசு என்று பாக்கெட்டைப் பிரித்து டேபிளில் கொட்டியே காட்டினார். பக்கத்து சீட்காரர்களுக்கும் ஆளுக்கு நாலு கிடைத்தது. அவள் அப்புறம் கேட்டாள், சோர்ஸ் பைல், அதாவது திருத்தக்கூடிய மூல பைல், இருக்கிறதா என்று. இல்லை, பிடிஎஃப் மட்டும்தான். காசு கொடுத்து வாங்கிய டிசைனுக்குச் சோர்ஸ் பைல் கேட்டு வாங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதலிலிருந்து வரைந்தாள். பழைய லேபிளில் 14 இலக்க உரிம எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்ததையும் அவள்தான் பிடித்தாள். மாலைக்குள் முடிந்தது. 600 ரூபாய்.

அடுத்த மாதம் ஆறு வகைப் பாக்கெட்டோடு வந்தார். போட்டோவுக்குப் பன்னிரண்டாம் சீட் பையன். இணையத்தில் விற்பனைப் பக்கம் போட்டுக் கொடுக்க இன்னொருவன். அவர் சொல்லி அவர் மச்சான், மச்சான் சொல்லிப் பலாப்பழச் சிப்ஸ் போடுகிற ஒரு மகளிர் குழு. சென்ற வருஷம் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன், நாலு லட்சத்துச் சொச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வேலை கொடுத்தவரும் கடலூர் மாவட்டம், செய்தவரும் கடலூர் மாவட்டம்.

இந்த நோட்டில் பொய் எழுதாதீர்கள். பெங்களூர்க் கம்பெனியில் சம்பளம் வாங்குகிற பையன் என் இடத்தில் உட்காருகிறான் என்பதற்காக அவன் சம்பளத்தை எல்லாம் "ஊருக்கு நான் கொண்டு வந்த பணம்" என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கும். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் அவன் இங்கேதான் செலவு செய்திருப்பான். கம்பெனி "திரும்பி வா" என்று கூப்பிட்டு, அவன் "நெட்டும் இடமும் இங்கே சரியாக இருக்கிறது" என்று காட்டி அனுமதி வாங்கித் தங்கினால், அதை மட்டும் எழுதுகிறேன். அப்படி இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

அறிமுகத்துக்குக் கமிஷன் வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் வாங்குவதில்லை. வாங்கினால் இரண்டாவது முறை என்னைத் தாண்டி நேராகப் பேசிக்கொள்வார்கள், நோட்டில் எழுதவும் ஆள் இருக்காது. எனக்குக் கிடைப்பது வேறு வழியில். வேலை கிடைக்கிறவள் சீட்டை விடமாட்டாள். வியாபாரி மீட்டிங் ரூமை மணிக்கு 200 கொடுத்து எடுக்கிறார். பிரிண்ட், ஸ்கேன், விண்ணப்பம் எல்லாம் கவுண்டருக்கு வருகிறது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை கம்ப்யூட்டரில் கணக்கெழுதுகிற டேலிக்கு ஓர் ஆசிரியர் வகுப்பு எடுக்கிறார். அவரிடம் படித்துவிட்டு, கணக்கெழுத ஆள் தேடுகிற வியாபாரிகளிடம் போனவர்கள் நாலு பேர். இப்போது மாத வரவு: 13 சீட்டுக்கு 39,000, மீட்டிங் ரூம் 6,000, டேலி வகுப்பு 7,000, டே பாஸ் 4,000, கவுண்டர் 10,000. மொத்தம் 66,000. செலவு போக நிற்கிற 9,000தான் என் சம்பளம். இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். வாடட்டும். ஏற்கெனவே ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் என்று ஏதாவது ஒன்று நடத்துகிறவர் அதோடு சேர்த்துச் செய்தால்தான் இது நிற்கும். வெறும் கையோடு, கடன் வாங்கி இறங்க வேண்டாம்.

ஜிஎஸ்டியும் முகவரி கேட்கிறவர்களும்

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கம்பெனிகள் பில் கேட்கின்றன என்று ஆசைப்பட்டுப் பதிவு எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் பதிவில் இல்லாதவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் கடை வாடகை மீதான 18 சதவீதத்தை வாடகைக்கு இருப்பவர் கட்ட வேண்டும். 22,000க்கு 3,960. நாம் வசூலிக்கிற வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையிலிருந்து போகும். ஆடிட்டரிடம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

"உட்கார மாட்டோம், முகவரி மட்டும் வேண்டும், மாதம் 1,500 தருகிறோம்" என்று சிலர் வருவார்கள். ஈபி பில் நகலும் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். சும்மா வருகிற காசு மாதிரித் தெரியும். நேரில் சரிபார்க்க அதிகாரி வந்து, "அவர் எங்கே?" என்று கேட்கும்போது நாம்தான் நிற்க வேண்டும். மாதத்தில் பத்து நாளாவது வந்து உட்காராதவருக்கு நான் முகவரி தருவதில்லை.

புதுச்சேரியைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள்

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் புதுச்சேரி இருப்பதால், அங்கே இருக்கிற மாதிரி பீன் பேக், காபி மெஷின், சுவரில் ஓவியம் என்று ஆரம்பிக்கத் தோன்றும். அங்கே கடற்கரைக்கு வருகிறவர் இரண்டு நாள் லேப்டாப்பைத் திறக்கிறார், வெளிநாட்டவர் இருக்கிறார்கள், ஆரோவில் பக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஈ காக்காய் இருக்காது. நம் ஆளுக்குக் காபி மெஷின் வேண்டாம், கீழே டீக்கடை இருக்கிறது. நான் டீக்கடைக்காரரிடம் மாதக் கணக்கு வைத்திருக்கிறேன், பதினொன்றுக்கும் நாலுக்கும் தூக்கில் மேலே வரும். அவருக்கும் வியாபாரம், எனக்கும் மெஷின் ரிப்பேர் மிச்சம்.

அரசு என்ன செய்கிறது என்றும் கவனியுங்கள். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா என்று ஐடி கம்பெனிகளுக்கான கட்டடம் திறந்தார்கள். அது கம்பெனிகளுக்கு. நம்மிடம் வருவது ஒற்றை ஆள், இரண்டு ஆள், அதனால் போட்டி இல்லை. அதே வருஷம் நவம்பரில் சென்னை கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று படிக்கிற இடமும் வேலை செய்கிற இடமும் சேர்ந்தாற்போலத் திறந்தார்கள். அந்த மாதிரி ஒன்றை உங்கள் ஊர் நகராட்சியிடம் கேட்டு மனு கொடுங்கள். வந்தால் உங்கள் சீட் காலியாகும் என்று பயப்பட வேண்டாம். அங்கே முந்திரி வியாபாரியை ஏழாம் சீட்டுக்குக் கூட்டிப் போக ஆள் போட்டால்தான் எனக்குப் போட்டி.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை தனி. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், மாடித் தண்ணீர்க் குழாயில் அடைப்பு, பின்சந்துக் கேபிளை இன்னொரு முடிச்சு, ஜெனரேட்டருக்கு 20 லிட்டர் டீசல். புயல் நாளில் இடத்தை யாருக்குத் திறப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஃபெஞ்சலுக்கு அடுத்த மூன்று நாள் நான் சீட் கணக்குப் பார்க்கவில்லை, தெருவே போன் சார்ஜ் போட வந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பத்தவில்லை. இப்போது கூடுதலாக ஆறு வாங்கிப் பரணில் போட்டிருக்கிறேன்.

என் இடத்தைப் பார்க்க வருவதாக இருந்தால், பேப்பரில் எங்கள் பகுதிக்கு மின் நிறுத்தம் போட்டிருக்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். பதினொன்றரைக்கு மேல் வந்தால் நல்லது.